சின்னவள் ஊதிய உருண்டைகள்

சின்னவள் இறந்த மறு வாரம், பல் டாக்டரின் முன்னறையில் இருந்த கண்ணாடி உருண்டை மூச்சுவிட ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்த நர்ஸ்தான் முதலில் பார்த்தாள். உருண்டையின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி படிந்து, மெல்ல விலகி, மறுபடி படிந்தது. ஏசியின் ஈரமாக இருக்கும் என்று துணியை எடுத்துத் துடைத்தாள். பனி உள்ளே இருந்தது, துணி வெளியே இருந்தது. டாக்டர் வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் எதிரில் நின்று, நிதானமான நல்ல மூச்சு என்று சொல்லிவிட்டு முதல் ஆளை உள்ளே கூப்பிட்டார். அன்றிலிருந்து பல் பிடுங்க வந்தவர்கள் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு, அது இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டு, பாதி பயம் தெளிந்த நிலையில் நாற்காலியில் ஏறினார்கள். ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். வெங்காய விலை ஏறியதைச் சொல்கிற அதே வாயால் இதையும் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த உருண்டையைச் செய்தது கண்ணாடிக்காரி என்று ஊர் சொல்லும். கண்ணாடிக்காரி என்றால் சின்னவளின் அக்கா. ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவள் இல்லை. பழைய பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரைப் பட்டறையில் உலை வைத்து, கண்ணாடியை உருக்கி, ஒன்றுக்கும் உதவாத அழகான சாமான்களைச் செய்து, பெரிய நகரங்களின் கேலரிகளில் அவற்றுக்குத் தனித்தனியாக விளக்குப் போட வைத்தவள். வேலை நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது பிடிபடாது. அக்கா பெஞ்சில் உட்காருவாள். பெஞ்சின் இரண்டு பக்கமும் முன்னால் நீண்ட இரும்புக் கைகள், அவற்றின்மேல் குறுக்கே ஊதுகுழாய். குழாயின் ஒரு முனையில் தேன் பதத்தில் கண்ணாடி தகதகவென்று தொங்கும். அக்கா இடது கையால் குழாயை உருட்டிக்கொண்டே, வலது கையில் நனைத்த செய்தித்தாள் மடிப்பை வைத்துக் கண்ணாடியை வழித்து உருண்டையாக்குவாள். உருட்டுவதை நிறுத்தினால் கண்ணாடி தரைக்குப் போய்விடும். குழாயின் மறுமுனையில், சாக்கின்மேல் மண்டியிட்டுச் சின்னவள் ஊதுவாள். 'ஊது' என்றால் ஊதவேண்டும், 'நிறுத்து' என்றால் நிறுத்தவேண்டும். கடைசியில் உருண்டையைக் குழாயிலிருந்து தட்டி எடுத்து, துளை இருந்த இடத்தில் ஒரு சொட்டு உருகிய கண்ணாடியை வைத்து அடைத்துவிடுவார்கள். அக்காவின் உருண்டைகளுக்கு அதுதான் விசேஷம், வாயே கிடையாது. உள்ளே போன மூச்சு உள்ளேயே கிடக்கும். அது முழுக்கச் சின்னவளின் மூச்சு.

சின்னவள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் டிப்போவில் டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாய் ஓயாது. குழாயை உதட்டில் வைக்கிறவரை பேசுவாள், எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள். அக்காவுக்குப் பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. சின்னவள் இடதுகைக்காரி. ஒரு தடவை அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் உலையிலிருந்து குழாயில் கண்ணாடியைச் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். இடுக்கி, கத்தரி, மரக்கரண்டி எல்லாம் வைக்கும் பலகை பெஞ்சின் வலப்பக்கம் திருகாணி போட்டு மாட்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் உடம்பை வளைத்து இடது கையால் எட்டியதில் குழாய் கைவிட்டுப் போய், கண்ணாடி அவள் செருப்பின்மேல் இறங்கியது. கால் தப்பியது பெரிய விஷயம். அக்கா வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உனக்கெதுக்குடி இதெல்லாம்? பெஞ்சு வலது கைக்காரங்களுக்குத்தான். போய் ஊதுற வேலையப் பாரு." சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். அக்காவே புதுச் செருப்பு வாங்கிக்கொடுத்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

அக்காவுக்குப் பெயர் வந்தது. முதலில் பக்கத்து நகரம், பிறகு கடல் தாண்டியும் உருண்டைகள் வைக்கோல் பெட்டிகளில் போயின. ஒவ்வொன்றின் அடியிலும் வைர முனைப் பேனாவால் அவள் தன் பெயரைக் கீறினாள். இன்னொரு பெயருக்கு இடம் இல்லாமல் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பத்திரிகைப் படங்களில் அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு பெஞ்சில் இருப்பாள், ஓரத்தில் சின்னவளின் முதுகும் ஒரு காதும் வந்திருக்கும். சின்னவள் அந்தப் படங்களை ரொட்டிக் கடைவரை எடுத்துப்போய், "இந்தக் காது என்னோடது" என்று காட்டிவிட்டு வருவாள். அவளுக்கு மனத்தாங்கல் இருக்குமோ என்று அக்காவுக்குச் சில சமயம் தோன்றும். தோன்றியதும் வேலையில் இறங்கிவிடுவாள்.

கடைசி நாள் காலையில் கேலரிக்காரர் போன் செய்தார். அவர் எப்போதும் ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்துதான் பேசுவார். பேச்சோடு பேச்சாக, "மலைப்பக்கம் புதுசா ஒரு பட்டறை போட்டிருக்காங்க. உங்க தங்கச்சியக் கூப்பிட்டிருக்காங்களாமே, தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததில் பல்லெல்லாம் வலித்தது. அன்றைக்கு அதுவரை செய்ததிலேயே பெரிய உருண்டை. சின்னவள் மண்டியிட்டாள், குழாயை வாய்க்குக் கொண்டுபோனாள், தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. ஊது."

"ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன்க்கா, ஒரு நிமிஷம் இந்த..."

"ஊதுன்னா ஊது!"

கண்ணாடி அப்போது நல்ல சூட்டில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கும். பொறுக்காதவள் அக்காதான், அது அவளுக்கே தெரியும். சின்னவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, வந்த வார்த்தையை விழுங்கி, நெஞ்சு நிறைய இழுத்து, ஊதினாள். உருண்டை ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அதை அடைத்து, ஆறவைக்கும் கரண்டு அடுப்பில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சின்னவள் அதிசயமாக வாயே திறக்காமல் ரொட்டி வாங்கப் போனாள். கடை வாசலில் விழுந்தாள். கடைக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்து சொன்னார். கடைக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்து சொன்னார்.

உருக்கிய கண்ணாடியைச் சட்டென்று ஆறவிடக்கூடாது. அடுப்புச் சூட்டை ஒரு நாள் முழுக்கப் படிப்படியாக இறக்கவேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். பார்வைக்கு முழுசாக இருக்கும், என்றைக்கோ ஒரு நாள் தொடாமலேயே வெடிக்கும். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவதே இதுதான். கண்ணாடிக்காரி தன் வாழ்நாளில் செய்யாத தப்பை அன்று செய்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற பழக்கத்தில், வாசல் பக்கம் இருந்த மெயின் சுவிட்சைக் கை தானாக அணைத்துவிட்டது. எல்லாம் முடிந்து பட்டறைக்குத் திரும்பியபோது அடுப்பு ஜில்லென்று இருந்தது. உள்ளே உருண்டை கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இறுக்கத்தைக் காட்டும் கறுப்பு பிலிம் தாள்கள் இரண்டுக்கு நடுவில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மழைத் தார்ரோட்டில் எண்ணெய் சிந்தின மாதிரி வளையம் வளையமாக நிறங்கள். இது உடையும், எப்போது என்றுதான் தெரியாது. அதை ஒரு துண்டின்மேல் வைத்து, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள்.

பல் டாக்டரின் உருண்டைக்குப் பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக மூச்சுவிடத் தொடங்கின. வக்கீல் வீட்டில், ஓட்டல் வரவேற்பறையில், கடல் தாண்டிய மியூசியத்தில். மியூசியத்திலிருந்து கருவிகளோடு இருவர் வந்து, சந்தேகமில்லை, இது மூச்சுதான் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். விமர்சகர்கள் கண்ணாடிக்காரியின் புதிய உத்தி என்றார்கள். புகழ் என்றால் அப்படி ஒரு புகழ். அவள் போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அழுவாள். எங்கே போனாலும், "எப்படிம்மா பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "என் தங்கச்சி செத்துப்போயிட்டா" என்று பதில் சொன்னாள். அதையும் கலைஞர்களின் பேச்சு என்று குறித்துக்கொண்டார்கள்.

ஊதுவதற்கு ஆள் வேண்டுமே. பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசித்து ஓய்ந்த ஒருவர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், நல்ல மூச்சு, 'நிறுத்து' என்றால் மட்டும் தாளம் முடிந்த பிறகுதான் நிறுத்துவார். அவர் ஊதிய உருண்டைகளும் அழகாகத்தான் இருந்தன. வாங்கியவர்கள் மட்டும் வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள், இது மூச்சு விடவில்லை என்று. ட்ரம்பெட்காரர் மனம் நொந்துபோனார். அவருக்குத் தன் மூச்சு தனக்கே தேவைப்பட்டது, அதில் என்ன குற்றம்?

இரண்டு மழைக்காலம் போன பிறகு, பல் டாக்டரின் பூனை மேஜையில் ஏறி உருண்டையைத் தள்ளிவிட்டது. உருண்டை தரையில் பட்டு உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து, வாய் திறந்தபடி நாற்காலியில் கிடந்த நோயாளிக்கும் கேட்கிற மாதிரி, ஒரு குரல் சொன்னது: "அக்கா, கால் மரத்துப்போச்சு." டாக்டர் கையைக் கழுவிவிட்டுப் போன் செய்தார். "மன்னிச்சுக்குங்கம்மா, பூனை சேட்டை. ஆனா அது உங்க தங்கச்சி குரல்தானே?" என்றார். கண்ணாடிக்காரி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. பேசிக்கொண்டே இருந்தவளை 'ஊது' என்று வெட்டியபோதெல்லாம், நாக்கு நுனியில் இருந்த வார்த்தை எங்கே போயிருக்கும்? குழாய் வழியாகத்தான் போயிருக்கிறது.

நிச்சயம் பண்ணிக்கொள்ள, அலமாரியிலிருந்து ஒரு சின்ன உருண்டையை எடுத்துச் சுத்தியலால் தட்டினாள். "பசிக்குதுக்கா" என்றது. தங்கையின் குரலேதான், பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி. அடி என் கண்ணே என்று சில்லுகளை அள்ளினாள். உள்ளங்கையில் ரத்தம் வந்தது. இன்னொரு தடவை சொல்லாதா என்று காதருகே வைத்துப் பார்த்தாள். சில்லுகள் வெறும் சில்லுகள். அந்த உருண்டையின் மூச்சு பட்டறையில் இல்லாமல் போனதை அவளால் உணர முடிந்தது, கூட்டத்தில் ஒருவர் எழுந்து போனால் தெரிகிற மாதிரி. ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் சொல்லும், சொன்னதும் போய்விடும். சுத்தியலைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டாள்.

பிறகுதான் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தாள். மற்ற உருண்டைகளில் பனி வரும், போகும். அந்தப் பெரிய உருண்டையில் மட்டும் பனி வந்தது வந்தபடியே நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எப்போது சொல்லட்டும் என்று காத்திருக்கிற உருண்டை அது.

அவள் முன்னால் வழிகள் இருந்தன. அடுப்பில் மறுபடி ஏற்றி, இந்தத் தடவை ஒழுங்காக ஆறவைத்தால் இறுக்கம் போய்விடும். பிறகு உடையாது, எதையும் சொல்லவும் சொல்லாது, தங்கை அங்கேயே இருப்பாள். இல்லையென்றால் இப்போதே உடைத்துக் கேட்டுவிடலாம். இரண்டுக்கும் அவளுக்குத் தைரியம் இல்லை. என்ன சொல்ல வந்திருப்பாள்? நான் மலைப்பட்டறைக்குப் போறேன்க்கா என்றா? இத்தனை வருஷமா என் மூச்சுல உன் பேர எழுதிக்கிட்டியே என்றா? அப்படிச் சொன்னால் அதற்குப் பதில் சொல்லத் தங்கை இருக்கமாட்டாள், கேட்ட காதோடு இவள்தான் மிச்ச காலத்தை ஓட்டவேண்டும். ஆனால் அது தானாக உடையும்போது தான் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டால்? வெறும் சுவர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால்? உருண்டையை இறக்கி, பெஞ்சுக்கு எதிரில் ஒரு ஸ்டூலின்மேல் வைத்தாள். அதன் பிறகு பட்டறையை விட்டு அவள் நகரவில்லை.

வருஷங்கள் போயின. கட்டில் பட்டறைக்கு வந்தது, அடுத்து கேஸ் அடுப்பு வந்தது, பிறகு தடுப்புக் கட்டிக் குளியலறையும் வந்தது. குளிக்கும்போது கதவைத் திறந்தே வைத்தாள். ரேடியோவை நிறுத்தினாள், அது பேசுகிற நேரத்தில் இது பேசிவிட்டால் என்ன செய்வது? வெளிநாட்டில் பெரிய விருது கொடுத்தார்கள், போகவில்லை. கேலரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு நாலு நாள் வந்துட்டுப் போங்கம்மா, உருண்டை எங்க ஓடிடப் போகுது?" ஓடிப்போனால்கூடத் துரத்திப் பிடிக்கலாம் என்றாள் இவள். வந்தவர்கள் அங்கே இருமினால் வெளியே அனுப்பப்பட்டார்கள். காபி கொண்டுவந்தால் தம்ளரை வைக்கும் சத்தம் கேட்காமல் வைக்கவேண்டும். ட்ரம்பெட்காரர் மட்டும் வேலை இல்லாவிட்டாலும் வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவார். உலை அணைந்து கிடந்தது. கண்ணாடிக்காரியின் தலை நரைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து உருண்டையைப் பார்த்தபடியே சில நாள் அதோடு சண்டை போட்டாள், "சொல்லித் தொலையேன்டி!" என்று. சில நாள் கெஞ்சினாள், "இன்னைக்கு வேணாம்டி, இன்னைக்கு மட்டும் வேணாம்" என்று.

அது உடைந்தது ஒரு சாதாரணக் காலை நேரத்தில். ட்ரம்பெட்காரர் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரி பெருக்கிக்கொண்டிருந்தாள். கோடையின் முதல் மழை தகரக் கூரையில் நாலு துளி விழுந்து, உள்ளே சில்லென்று காற்று வந்தது. ஸ்டூலின்மேல் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்குமாறு கையிலேயே இருந்தது. பிடித்துவைத்திருந்த மூச்சு முழுவதையும் ஒரேயடியாக விட்டுக்கொண்டு, ஓடி வந்தவள் பேசுகிற மாதிரி, சின்னவள் சொன்னாள்:

"அக்கா, இந்தப் பலகையக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிக்குடேன். நானும் ஒரு தடவ உக்காந்து பண்ணிப் பாக்குறேன்."

ட்ரம்பெட்காரர்தான் கேட்டார், "எந்தப் பலகைம்மா?" கண்ணாடிக்காரி பெஞ்சின் வலப்பக்கத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தினமும் கை வைத்த பலகை. நாலு திருகாணி. ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. இதற்கா, பாவி, இதற்கா அவ்வளவு நாள் யோசித்தாய், என்னிடம் கேட்கவா உனக்கு அவ்வளவு பயம் என்று தலையில் அடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். தங்கை செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

திருகாணிகள் துருப்பிடித்து நகர மறுத்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மத்தியானம்வரை மல்லுக்கட்டிக் கழற்றினார்கள். ட்ரம்பெட்காரர் பலகையைப் பிடித்துக்கொள்ள, கண்ணாடிக்காரி பெஞ்சின் இடப்பக்கம் புதுத் துளை போட்டு மாட்டினாள். இடுக்கி, கத்தரி, மரக்கரண்டி எல்லாவற்றையும் இடது கைக்கு வாகாக அடுக்கினாள். குழாய் இப்போது மறுபக்கம் திரும்பிக் கிடக்கவேண்டும், ஆகவே ஊதுகிறவள் மண்டியிடும் சாக்கையும் எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டாள். அந்தச் சாக்கில் சின்னவளின் முழங்கால் இரண்டும் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. உலையை மூட்டினார்கள்.

கண்ணாடி உருகித் தயாரானதும், அவளே குழாயில் சுற்றி எடுத்துவந்து பெஞ்சின் இரும்புக் கைகள்மேல் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். ட்ரம்பெட்காரர், "ஐயோ, விழுந்துடும்மா!" என்று பாய்ந்து வந்தார். விழவில்லை. ஆளில்லாத பெஞ்சில் குழாய் நிதானமாக உருண்டுகொண்டிருந்தது. நனைத்த செய்தித்தாள் மடிப்பு இடப்பக்கத்துப் பலகையிலிருந்து எழும்பி, கண்ணாடியின் அடியில் போய்ப் பதிந்து, புஸ்ஸென்று ஆவி விட்டது. கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது, முதல் தடவை இல்லையா. கண்ணாடிக்காரி சாக்கில் மண்டியிட்டாள். முழங்கால் வலித்தது. குழாயை உதட்டுக்குக் கொண்டுபோய், ஊதாமல் காத்திருந்தாள். கண்ணாடி ஆறினால் ஆறட்டும் என்று காத்திருந்தாள்.

"ஊதுக்கா" என்றது பெஞ்சு.

ஊதினாள்.

பட்டறை இப்போது நன்றாக நடக்கிறது. கேலரிக்காரர் ஒரு நாள் நேரில் வந்து, ஆளில்லாத பெஞ்சில் இடுக்கிகள் நடமாடுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த கண்காட்சிக்கு எத்தனை தேறும் என்று கேட்டார். உருண்டைகளின் அடியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, ஒன்று இடதுபக்கமாகச் சாய்ந்த கோணல் எழுத்தில். பல் டாக்டர்தான் முதல் உருண்டையை வாங்கிப்போக வந்தார். வெளிச்சத்தில் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் ஒருக்களிச்சிருக்கே?"

"தங்கச்சி பண்ணது டாக்டர். இடது கை. போகப் போகச் சரியாயிடும்."

"அப்படியா" என்றார். பிறகு காதருகே வைத்துப் பார்த்தார். "இது மூச்சு விடலையேம்மா?"

"ஊதினது நான். நான் இன்னும் இருக்கேன்ல" என்றாள் கண்ணாடிக்காரி. "இப்போதைக்கு விடாது."

டாக்டர் தலையாட்டிவிட்டு, அதைப் பத்திரமாகத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், பூனைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தட்டு அடித்து அதன்மேல் வைத்தார்.